40 நாளில் சொரியாசிஸ் வேரோடு போகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் விழுந்த உங்கள் பத்திரிகைக்குள் மஞ்சள் நிறத் துண்டுப்பிரசுரம் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. 'சொரியாசிஸ், எக்சிமா, வெண்படை: 40 நாளில் வேரோடு குணம். முழுக்க மூலிகை. பக்கவிளைவு இல்லை' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு, கீழே ஒரு கைத்தொலைபேசி இலக்கத்தையும் மருந்துச் சிமிழ் ஒன்றின் படத்தையும் போட்டிருந்தார்கள். வைத்தியரின் பெயர் இல்லை, பதிவிலக்கம் இல்லை, மருந்தில் சேர்ந்தவை எவை என்ற விவரமும் இல்லை. அந்தத் தாளை உங்கள் அலுவலகம் அச்சிடவில்லை என்பதும், பத்திரிகைக் கட்டுப் பிரிக்கும் இடத்தில் யாரோ செருகியது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் பத்திரிகையின் மடிப்புக்குள் இருந்து விழுந்ததாலேயே அதற்கு ஒரு மதிப்பு வந்துவிடுகிறது. என் அயல்வீட்டுப் பெண்மணி அன்று மாலையே அதை எடுத்து வந்து, 'டீச்சர், பேப்பரில வந்திருக்கு, ஒருக்காப் பாருங்கோவன்' என்றார்.

என்னிடம் அவர் கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. திருகோணமலை உவர்மலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியையான எனக்கு 30 ஆண்டுகளுக்கு மேலாகச் சொரியாசிஸ் இருக்கிறது. 31 வயதில் இரு முழங்கைகளிலும் சல்லிக்காசு அளவில் தொடங்கிய சிவந்த தடிப்பு, ஓராண்டுக்குள் பின்தலை, முழங்கால், பாவாடை நாடா இறுகும் இடுப்பு என்று பரவியது. நாடா உரசும் இடத்தில் அது வந்தது தற்செயலன்று என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்துகொண்டேன். இந்நோய் உள்ளவர்களின் தோலில் கீறலோ உராய்வோ காயமோ ஏற்பட்டால் அந்த இடத்திலேயே புதுப் படை கிளம்பக்கூடும் என்பதை ஜேர்மனியத் தோல் மருத்துவர் கோப்னர் 1870களிலேயே எடுத்துச் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியபோது முன்வரிசைப் பிள்ளை ஒன்று, 'டீச்சர், உங்கட சீலையில வெண்கட்டித் தூள் கொட்டிக் கிடக்கு' என்றது. கொட்டிக் கிடந்தது தலையிலிருந்து உதிர்ந்த செதில். ஓமென்று சொல்லித் தட்டிவிட்டேன். அன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள்வரை பாடசாலைக்குக் கடும் நிறச் சீலை உடுத்தியதில்லை.

துண்டுப்பிரசுரத்தின் 'வேரோடு' என்ற சொல்லைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். நம் தோலின் மேற்படையில் புதிதாகப் பிறக்கும் கலம் (செல்) மேலே வந்து உதிர்வதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கிறது. சொரியாசிஸில் அதே பயணம் மூன்று முதல் ஐந்து நாட்களில் முடிந்துவிடுகிறது. உதிரவேண்டிய நேரத்தில் உதிராமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் கலங்களே அந்த வெள்ளிச் செதில்கள். இந்த அவசரத்தைத் தூண்டிவிடுவது உடலின் நோயெதிர்ப்பு மண்டலம். அதற்கான போக்குப் பரம்பரையாக வருகிறது. தொண்டைப் புண், மனவழுத்தம், சில மாத்திரைகள் போன்றவை அதை எழுப்பிவிடுகின்றன. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பீற்றா தடுப்பு மாத்திரைகளும், மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியமும் அந்த வரிசையில் உண்டு. இது கிருமியால் வருவதன்று, ஒட்டாது. உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை 2014இல் இதை நீண்டகாலத் தொற்றா நோய் என்று ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றிய பிறகும், பஸ்ஸில் என் முழங்கையைக் கண்டு எழும்பிப் போய் நின்றுகொண்டு வருபவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். வேர் தோலில் இல்லாதபோது, தோலில் பூசும் ஒன்று வேரைப் பிடுங்கும் என்று சொல்வது எப்படி?

இன்னொன்றும் இருக்கிறது. சொரியாசிஸ் தானாகவே தணியும், தானாகவே எழும். எனக்கு ஆடி மாதத்துக் கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் தோல் வறண்டு தினவெடுக்கும்; மாரி தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறினால் ஓரளவு அடங்கும். ஆவணியில் ஒருவர் தரும் மருந்தை நான் பூசத் தொடங்கி, ஐப்பசி மழையில் படை தணிந்தால், மழைக்குரிய பெயரை மருந்து வாங்கிக்கொண்டு போய்விடும். 'எனக்குச் சுகமானது' என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் தணிந்தது எதனால் என்பது தனிக் கேள்வி. அதற்கு மருந்து பூசிய பக்கத்தையும் பூசாத பக்கத்தையும் ஒரே காலத்தில் ஒப்பிட்டுப் பார்த்தாலே விடை கிடைக்கும்.

இனி என் சொந்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். ஏறத்தாழ 17 ஆண்டுகளுக்கு முன், தங்கையின் மகளுடைய கலியாணம் நெருங்கிய வேளையில், வீடு வீடாக மருந்து விற்று வந்த ஒருவரிடம் இதைப்போலவே ஒரு வெள்ளைச் சிமிழ் வாங்கினேன். மூடியில் ஒரு மூலிகை இலையின் படம் ஒட்டியிருந்ததே தவிர எழுத்து எதுவும் இல்லை. திறந்தால் கற்பூர வாசம். விரலில் எடுத்துத் தேய்த்தால், அரைத்த மூலிகைக்குரிய திப்பியோ எண்ணெய்ப் பிசுக்கோ பச்சையோ மஞ்சளோ இல்லாமல், முகத்துக்குப் பூசும் கிறீம்போல வழுவழுவென்று வெள்ளையாக இருந்தது. இஞ்சி, மஞ்சள், வேப்பிலை என்று ஆயுள் முழுக்க அம்மியில் அரைத்த ஒருத்திக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஒன்பதாம் நாள் முழங்கை பளிங்குபோல் ஆயிற்று. கலியாண வீட்டில் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அரைக்கைச் சட்டையுடன் நின்றேன். அந்தச் சந்தோஷத்தை நான் இன்றும் மறக்கவில்லை. ஆகவே இப்படியான சிமிழ்களை வாங்குபவர்களை ஏளனம் செய்ய எனக்கு வாய் வராது.

நான்கு மாதங்களில் முன்கைத் தோல் வெங்காயச் சருகுபோல் மெலிந்தது. லேசாகத் தட்டினாலும் நீலம் பாய்ந்தது. அதற்குள் சிமிழ் முடிந்துவிட, விற்றவரின் தொலைபேசியும் வேலை செய்யாமற் போயிற்று. மூன்று கிழமைக்குள், முன்பு படை இருந்த இடம் இல்லாத இடம் என்ற வித்தியாசமில்லாமல் உடம்பு முழுவதும் சிவந்து, தோல் தாள்தாளாக உரிந்து, மே மாத வெயிலில் போர்வைக்குள் குளிரால் நடுங்கினேன். வைத்தியசாலையில் 12 நாட்கள் இருந்தேன். 'வேறென்ன பூசினீங்கள்?' என்று வைத்தியர் இரண்டு தடவை கேட்டபோதும் ஒன்றுமில்லை என்றே சொன்னேன். படித்த ஆசிரியை இப்படியொன்றை வாங்கினாள் என்பது வெளியே தெரியக்கூடாது என்ற வெட்கந்தான். மூன்றாம் நாள் வெறும் சிமிழை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, ஆய்வுகூடத்தில் சோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும், ஆனால் தோல் மெலிந்த விதமும் நிறுத்தியதும் திருப்பியடித்த விதமும் அழற்சியை வேகமாக அடக்கும் கடுமையான ஸ்டீரொய்ட் பூச்சை நீண்ட காலம் பூசித் திடீரென்று நிறுத்தியவர்களில் காண்பதைப் போலவே இருப்பதாகவும் சொன்னார்.

ஸ்டீரொய்ட் பூச்சு கெட்ட மருந்து என்று நான் சொல்லவரவில்லை. கிளினிக்கில் அதையே எனக்குத் தந்திருக்கிறார்கள். எவ்வளவு, எத்தனை நாள், எந்த இடத்தில், எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று சொல்லித் தருவார்கள். பெயர் சொல்லாமல், மூலிகை என்று பொய் சொல்லித் தரும்போது அந்த அளவும் கணக்கும் எல்லாம் போய்விடுகின்றன. இது என் ஒருத்தியின் கதை மாத்திரமும் அன்று. 1999இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வில், தோல் நோய்க்கென்று கொடுக்கப்பட்ட 11 சீன மூலிகைக் கிறீம்களைச் சோதித்தபோது 8இல் டெக்சாமெதசோன் என்னும் ஸ்டீரொய்ட் இருந்தது. 2004இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரப் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தவர்கள் 14இல் ஈயம், பாதரசம், பாஷாணம் (ஆர்சனிக்) ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருக்கக் கண்டார்கள்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, 'ஆங்கில மருந்துக்கு வக்காலத்து வாங்குகிறாள்' என்று நினைப்பவர்களுக்காக எங்கள் பரியாரியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வைத்தியசாலையிலிருந்து வந்த அடுத்த ஆண்டு தம்பலகாமப் பக்கத்துச் சித்த வைத்தியர் ஒருவரிடம் போனேன். அவர் என் முழங்காலை நன்றாக வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, செதிலை நகத்தால் மெல்லச் சுரண்டினார். அடியில் ஊசிமுனை அளவில் இரத்தப் பொட்டுகள் தோன்றின. 'காளாஞ்சகப்படை' என்று, சொரியாசிஸுக்குச் சித்த மருத்துவத்தில் உள்ள பெயரைச் சொன்னார். பிறகு சொன்னது: 'பிள்ளை, இது படுக்கும், பிறகு எழும்பும். படுத்திருக்கிற நாளைக் கூட்டுறதுதான் என்ர வேலை. சுகமாக்கிப்போடுவன் எண்டு சொல்லமாட்டன்.' முப்பது ஆண்டுகளில் இதைவிட நேர்மையான வைத்திய வார்த்தையை எந்த முறை வைத்தியரிடமும் நான் கேட்டதில்லை.

அவர் தந்தது வெட்பாலைத் தைலம். அதை அவர் முற்றத்திலேயே எனக்குக் காட்டிச் செய்தார். வெட்பாலை இலையைக் கத்தி படாமல் கையால் கிள்ளி, கண்ணாடிப் போத்தலில் தேங்காயெண்ணெயில் இட்டு, வாயைச் சீலைத்துண்டால் கட்டி வெயிலில் வைத்தார். முதல் நாள் பச்சையாக இருந்த எண்ணெய் இரண்டாம் மூன்றாம் நாளில் நாவற்பழ நிறத்துக்கு மாறிற்று. பிழிந்தெடுத்த பிறகு அந்த நிறம் என் தலையணை உறையில் ஏறியது இன்றும் போகவில்லை. அந்த நிறத்துக்குக் காரணம், சாயத்துக்குப் பயன்பட்ட அவுரியின் நீலத்தைத் தரும் சேர்வைகளின் இனமே வெட்பாலை இலையிலும் இருப்பது. சீன மருத்துவத்தில் அவுரி வகைச் செடிகளிலிருந்து எடுக்கும் நீலப் பொடியைக் களிம்பாக்கித் தாய்வானில் 42 நோயாளிகளின் ஒரு பக்கத்துப் படையில் அந்தக் களிம்பையும், மறுபக்கத்தில் நீலமில்லாத வெறும் களிம்பையும் பூசிப் பார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், நீலம் பூசிய பக்கம் தெளிவாகத் தணிந்தது. அங்கும் துணியில் கறை பிடிப்பதே பெரிய குறைபாடு. வெட்பாலைக்கு இதே பலன் உண்டு என்று அந்த ஆய்வைக் கொண்டு நிறுவ முடியாது. ஆனால் பரியாரியாரின் போத்தலுக்குள் நடப்பது வெறும் நம்பிக்கை மாத்திரமன்று என்று நினைக்க அது இடம் தருகிறது. என்னைப் பொறுத்தவரை தைலம் செதிலை இளக்கியது, தினவைப் பாதியாகக் குறைத்தது, படையை அழிக்கவில்லை. அவரும் அழிக்கும் என்று சொல்லவில்லை.

சொரியாசிஸின் வரலாற்றைப் பார்த்தால் 'மாற்று' என்ற சொல்லே ஆட்டம் காண்கிறது. 19ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரின் கோவா வழியாக வந்ததால் கோவாப் பொடி என்று அழைக்கப்பட்ட ஒரு மரப்பொடி படர்தாமரைக்கு நாட்டு மருந்தாக வழங்கிவந்தது. மரம் வளர்வதோ பிரேசிலில். தன் சொரியாசிஸைப் படர்தாமரை என்று பிழையாக எண்ணிய ஒருவர் அதைப் பூச, படை தணிந்ததை 1870களில் இலண்டன் மருத்துவர் பல்மானோ ஸ்குவயர் கவனித்தார். அந்தப் பொடியின் வழிவந்த டித்ரனோல் என்ற மருந்து பின்னர் எத்தனையோ ஆண்டுகள் உலகெங்கும் தோல் நோய் விடுதிகளில் பூசப்பட்டது. நம் நாட்டு மருந்து விதையான கார்போகரிசியின் கதையும் அப்படியே. வெண்படைக்கு அதைப் பூசி வெயிலில் இருக்கச் செய்வது பழைய முறை. அதில் உள்ள சோராலின் என்ற பொருளின் இனத்தை மாத்திரையாகக் கொடுத்துப் புறவூதா ஒளியில் நிறுத்தும் சிகிச்சை 1974இல் சொரியாசிஸுக்கு அறிமுகமானது. அதே சோராலினால்தான், கார்போகரிசி எண்ணெயை யாரிடமும் கேட்காமல் பூசிக்கொண்டு திருகோணமலை மத்தியான வெயிலில் சந்தைக்குப் போனால் கொப்புளம் கிளம்பும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

மறுபக்கமும் இருக்கிறது. பாஷாணம் கலந்த ஃபௌலர் கரைசலை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து மருத்துவர் ஒருவரே அறிமுகப்படுத்தினார். மேற்கத்தைய மருத்துவர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அதைச் சொரியாசிஸுக்கு உட்கொள்ளக் கொடுத்தார்கள். குடித்தவர்களில் பலருக்குப் பல ஆண்டுகள் கழித்து உள்ளங்கையில் ஆணிபோல் தடிப்புகளும், சிலருக்குத் தோல் புற்றுநோயும் வந்தன. ஆகவே ஒரு மருந்து எந்த மரபிலிருந்து வந்தது என்பது அது நல்லதா கெட்டதா என்பதைச் சொல்லிவிடாது. உள்ளே இருப்பது எது, எவ்வளவு, அதனால் என்ன நடந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்களா என்பதே சொல்லும்.

எங்கள் ஊர்க்காரர்கள் எனக்குச் சொன்ன வைத்தியங்களில் கன்னியா வெந்நீரூற்றும் கடற்குளிப்பும் முதலிடம் பெறும். கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் வாளியால் அள்ளி ஊற்றிக் குளித்திருக்கிறேன். கிணற்றுக்குக் கிணறு சூடு மாறுவது அங்கே போனவர்களுக்குத் தெரியும். இளஞ்சூட்டு நீரில் செதில் ஊறிக் கழன்று அன்றிரவு சுகமாகத் தூங்கினேன். ஆனால் சூடு கூடிய கிணற்று நீரில் அதிக நேரம் நின்ற நாட்களில் எண்ணெய்ப் பசை முழுவதும் போய்த் தோல் இன்னும் வறண்டது. குளித்து ஈரம் உலருமுன் தேங்காயெண்ணெயோ வசிலினோ பூசிக்கொண்டால் அந்தச் சுகம் நிலைக்கிறது என்பதை நான் பட்டுத்தான் கற்றேன். அங்கே பெற்றோருக்குப் பிதிர்க்கடன் கழிக்க வருபவர்கள் நடுவில் செதில் உதிர நிற்பதற்கு ஏற்பட்ட கூச்சம் வேறு விடயம்.

கடலைப் பற்றிச் சொல்லும்போது எல்லோரும் சாக்கடலை இழுக்கிறார்கள். சாக்கடலுக்குப் போய்ச் சில கிழமைகள் தங்கும் சொரியாசிஸ் நோயாளிகளில் பலருக்குப் படை தணிவது உண்மையே. ஆனால் அந்த நீரில் உப்பு 30 வீதத்துக்கும் மேல். எங்கள் நிலாவெளி, உப்புவெளிக் கடலில் மூன்றரை வீதமளவில்தான். தவிர, சாக்கடல் கடல்மட்டத்திலிருந்து 400 மீற்றருக்கும் கீழே கிடப்பதால், அங்கே இறங்கும் சூரிய ஒளியில் தோலைச் சுடும் கதிர்களில் ஒரு பங்கு மேலேயுள்ள தடித்த காற்றிலேயே வடிந்துவிடுகிறது. ஒன்பது பாகை அகலக்கோட்டுக்கும் கீழே இருக்கும் எங்கள் வெயில் வேறு இனம். இளங்காலை வெயிலில் சிறிது நேரம் கை கால்களைக் காட்டுவதால் எனக்கு நன்மையே ஏற்பட்டது. ஆனால் ஒரு முறை பத்து மணிக்குப் பிறகும் கரையில் இருந்து தோள் எரிந்து, எரிந்த இடத்திலேயே புதுப் படை வந்தது. முன்பு சொன்ன கோப்னரின் விதிதான். கிளினிக்குகளில் 311 நனோமீற்றர் அலைநீளத்துப் புறவூதா ஒளியை வினாடிக் கணக்கில் எண்ணிக் கொடுப்பதற்கும், கடற்கரையில் கணக்கில்லாமல் காய்வதற்கும் உள்ள வித்தியாசம் இதில் இருக்கிறது.

உணவுப் பத்தியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோல் நோயைக் கிளப்பும் 'கிரந்தி' உணவு என்று கூறி நண்டு, இறால், கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் விலக்கிப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நிறை எட்டுக் கிலோ குறைந்தபோது வித்தியாசம் தெரிந்தது. மதுவும் புகையும் இந்நோயைக் கூட்டும் என்பதில் ஆங்கில வைத்தியர்களுக்கும் சித்த வைத்தியர்களுக்கும் கருத்து வேறுபாடில்லை.

நான் மிகவும் அஞ்சும் விடயம் ஒன்று உண்டு. படை அதிகமானவர்களுக்கும், மூட்டு வீங்கி வலிப்பவர்களுக்கும் கிளினிக்கில் நோயெதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மெதோட்ரெக்சேற் மாத்திரை தருவார்கள். சொரியாசிஸ் உள்ளவர்களில் கணிசமானோருக்கு மூட்டுவாதமும் வருகிறது. நகத்தில் ஊசியால் குத்தியதுபோல் குழிகள் தோன்றினால் விரல் மூட்டுகளையும் கவனிக்க வேண்டும். அந்த மாத்திரையை வாரத்துக்கு ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். நாளுக்கொன்று என்று பிழையாக எடுத்தால் உயிராபத்து. கருவுற்றிருப்பவர்கள் எடுக்கவே கூடாது. ஈரலைத் தாக்கக்கூடியது என்பதால் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருப்பார்கள், மதுவைத் தொடக்கூடாது என்பார்கள். நான் மதுவைக் கண்ணாலும் காணாதவள். ஆனால் அதே காலத்தில் தோலுக்கு நல்லது என்று கடையில் வாங்கிய கதிராரிஷ்டம் என்ற ஆயுர்வேதக் குடிமருந்தை இரவில் இரண்டு கரண்டி வீதம் குடித்து வந்தேன். அரிஷ்டங்கள் புளித்து உருவாகுபவை. அவற்றில் 5 முதல் 10 வீதம் வரை மதுசாரம் தானாகவே உண்டாகிறது. கிளினிக்கில் அதைச் சொல்லவில்லை. வைத்தியரும் 'மது குடிப்பீர்களா' என்று கேட்டாரே தவிர 'அரிஷ்டம் குடிப்பீர்களா' என்று கேட்கவில்லை. ஈரல் பரிசோதனை முடிவு ஏறி வந்த பிறகே இருவருக்கும் விடயம் விளங்கியது. இதில் கள்ளன் யாருமில்லை. நாட்டு மருந்து எடுப்பதைச் சொன்னால் ஏச்சு விழும் என்று நோயாளி ஒளிக்கிறார். ஒளிப்பார் என்று தெரிந்தும் வைத்தியர் கேட்பதில்லை. பரியாரியாரிடமும் கிளினிக் கொப்பியைக் காட்டாமல் போகிறோம்.

இதற்கு வழி எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவப் பட்டப்படிப்பு நடக்கிறது. இலங்கையின் 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம் சித்த, யுனானி மருத்துவங்களையும் உள்ளடக்கியே வைத்தியர் பதிவுக்கு வழி செய்திருக்கிறது. பதிவுள்ள சித்த வைத்தியரிடம் போகிற நோயாளி தன் கிளினிக் கொப்பியையும் கொண்டு போகலாம். அவர் தரும் தைலத்தின் பெயரை அதே கொப்பியில் ஒரு வரியில் எழுதித் தரும்படி கேட்கலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். முதல் தடவை கிளினிக்கில் ஒருவர் சிரித்தார்; அடுத்த தடவை வைத்தியரே அந்த வரியை வாசித்துவிட்டு, வெட்பாலை என்றால் எந்தச் செடி என்று என்னிடம் கேட்டார்.

உங்களிடம் நான் கேட்பது சிறியது. உங்கள் பக்கங்களில் வரும் தோல் நோய் மருந்து விளம்பரங்களுக்கு வைத்தியரின் பதிவிலக்கத்தையும் மருந்தின் சேர்க்கையையும் கேட்டு வாங்கிய பிறகே இடம் கொடுங்கள். விநியோகஸ்தர்கள் உள்ளே செருகும் தாள்களுக்கும் அதே விதியைச் சொல்லிவிடுங்கள். வருமானம் குறையும் என்று நீங்கள் கருதலாம். குறையத்தான் செய்யும்.

அந்த மஞ்சள் தாளில் இருந்த இலக்கத்துக்கு நான் திங்கட்கிழமை தொலைபேசி எடுத்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். சிமிழுக்குள் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டபோது, 'அது எங்கட பரம்பரை இரகசியம், அம்மா' என்றார்கள். சேர்க்கையை ஒரு தாளில் எழுதி ஒப்பமிட்டு அனுப்பினால், அதைக் கிளினிக்குக்கும் பரியாரியாரிடமும் கொண்டுபோய்க் காட்டுவேன் என்றும், இருவரும் சரியென்றால் ஒரு முழங்கையில் அவர்களுடைய மருந்தையும் மறு முழங்கையில் வெறும் தேங்காயெண்ணெயையும் 40 நாள் பூசி, நடந்ததை நடந்தபடி இதே பகுதிக்கு எழுதுவேன் என்றும் சொன்னேன். யோசித்துச் சொல்வதாகக் கூறித் தொலைபேசியை வைத்தார்கள். இக்கடிதத்தை எழுதும் வெள்ளிக்கிழமை வரை பதில் இல்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.